கொஞ்சம் பிந்தி வரும் தாளம்: அக்கூஸ்டிக் ஸ்விங் கச்சேரிக்கு முதல்முறை போகிறவருக்கு

மேடையில் டிரம்ஸ் கிடையாது. கீபோர்டு கிடையாது. ஆளைவிட உயரமாக ஒரு டபுள் பேஸ், இரண்டு கிட்டார், ஒரு வயலின், நடுவில் பாடுகிறவர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு மைக் இருக்கலாம். சில குழுக்களிடம் அதுவும் இருக்காது. ஆனாலும் பாட்டு தொடங்கிய பத்து நொடிக்குள் உங்கள் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். அங்கே யார் தாளம் கொட்டுகிறார்கள் என்று தேடிப் பார்த்தால் கொட்டுகிறவர் என்று ஒருவரும் அகப்பட மாட்டார்.

இதைத்தான் அக்கூஸ்டிக் ஸ்விங் என்கிறார்கள். அக்கூஸ்டிக் என்றால் மின் இணைப்பில்லாத வாத்தியம். பிறந்தது அமெரிக்காவில், இந்தச் சிறிய, டிரம்ஸ் இல்லாத வடிவம் பேர் வாங்கியது பாரிஸில். இதோடு கொஞ்சம் நாடகத்தனமும், தானே எழுதித் தானே பாடுகிற ஒருவரும் சேர்ந்தால் ஒரு முழு மாலைக் கச்சேரி ஆகிவிடும். இதற்கு ஜாஸ் வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சங்கதி காதுக்குப் பிடிபட்டால் போதும். அது ஸ்விங்.

ஸ்விங் என்ற சொல்லை இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, ஒரு காலகட்டம். 1935 வாக்கில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்த நடன இசை. பென்னி குட்மேன், கவுன்ட் பேஸி, டியூக் எலிங்டன் ஆகியோரின் பெரிய குழுக்கள், நியூயார்க் ஹார்லத்தில் 1926இல் திறந்த சவாய் பால்ரூம் போன்ற நடனக் கூடங்கள் எல்லாம் அந்தக் கதையில் வரும். இன்னொன்று, தாளத்தின் ஒரு குணம். அந்தக் காலகட்டம் முடிந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. குணம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதை வாயாலேயே சொல்லிப் பார்த்துவிடலாம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீராக மேசையில் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு எழுத்து சொல்லுங்கள்: தக தக தக தக. இரண்டும் சரிசமம், அணிவகுப்பில் பூட்ஸ் கால்கள் போவது மாதிரி. இப்போது தட்டும் வேகத்தை மாற்றாமல் மூன்று எழுத்து: தகிட தகிட தகிட தகிட. நமக்குத் தெரிந்த திஸ்ர நடைதான். இனி அந்த நடு எழுத்தை விழுங்கிவிட்டு, முதல் எழுத்தை அதன் இடம்வரை நீட்டுங்கள்: தா..ட, தா..ட, தா..ட, தா..ட. முதல் பாதி நீளம், இரண்டாம் பாதி குட்டை. அந்தக் குட்டை எழுத்து கொஞ்சம் பிந்தி வந்து, அடுத்த தட்டின் மேல் தடுக்கி விழுவது போல இருக்கிறதல்லவா? அந்தத் தடுக்கல்தான் ஸ்விங்கின் கரு.

கரு என்றுதான் சொன்னேன், முழுசு இல்லை. திஸ்ரத்தில் மூன்று எழுத்தும் கணக்காக உட்காரும். ஸ்விங்கில் அந்தக் கணக்கு நழுவிக்கொண்டே இருக்கும். மெதுவான பாட்டில் நீளமும் குட்டையும் நன்றாக விலகி நிற்கும். வேகம் ஏற ஏற இரண்டும் நெருங்கி, மிக வேகமான பாட்டில் ஏறக்குறைய சமமாகிவிடும். ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளிடமே பாட்டுக்குப் பாட்டு வேறுபடும். அதனால்தான் மேல்நாட்டு ஸ்வரத்தாளில் இதைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. குறிகளைச் சமமாகவே போட்டுவிட்டு, தாளின் தலையில் 'ஸ்விங்' என்று ஒரு சொல் எழுதி நிறுத்திக்கொள்வார்கள். மீதியைக் கேட்டுத்தான் கற்க வேண்டும். மிருதங்கக்காரர் சர்வலகு வாசிக்கும்போது அதில் இருக்கும் ஓட்டத்தைப் பாடப் புத்தகத்தில் எழுதிக் காட்ட முடியுமா? இதுவும் அந்த ஜாதி.

பாடுகிறவரிடம் இந்தப் பிந்துதல் இன்னொரு விதமாக வேலை செய்யும். பின்னணி சீராகப் போய்க்கொண்டிருக்கும். அவர் வரியை எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் கொஞ்சம் காக்க வைத்து, பிறகு சாவகாசமாக வந்து சேர்வார். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே இதில் பெரிய கை. அவர் பாடியதைக் கேட்டால் தாளத்தை விட்டுவிட்டாரோ என்று நமக்குப் பயம் வரும். அவர் விட்டிருக்க மாட்டார்.

கைதட்டுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் சமத்தில் தட்டிப் பழகியவர்கள். நான்கு எண்ணிக்கை என்றால் கை தானாக ஒன்றிலும் மூன்றிலும் விழும். ஸ்விங்கின் அழுத்தமோ இரண்டிலும் நான்கிலும். ஒன்றில் தட்டினால் பாட்டு பேண்டு வாத்தியம் போல ஆகிவிடும். இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. பிரான்சில் நடந்த ஒரு கச்சேரியில் பியானோக்காரர் ஹாரி கானிக் ஜூனியருக்கு அப்படி ஒரு சபை வாய்த்தது. மொத்தக் கூட்டமும் ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை, திட்டவில்லை. தனி வாசிப்பின் நடுவில் ஒரு சுற்றை நான்குக்குப் பதில் ஐந்து எண்ணிக்கையாக வாசித்தார். ஒரு தட்டு கூடியதும் கூட்டத்தின் கை அப்படியே இரண்டுக்கும் நான்குக்கும் நகர்ந்துவிட்டது. பின்னால் இருந்த டிரம்ஸ்காரர் கையைத் தூக்கிக் கொண்டாடுவதை வீடியோவில் பார்க்கலாம். சபைக்கு ஒன்றும் தெரியாது.

கிட்டாரே டிரம்ஸ் ஆன கதை

இனி அந்த அகப்படாத கொட்டுகாரர். கிட்டார் பிடித்திருக்கிறவர்தான்.

கவுன்ட் பேஸியின் குழுவில் ஃப்ரெடி க்ரீன் என்று ஒருவர். 1937இல் சேர்ந்தவர், இடையில் சிறிது காலம் தவிர 1987இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஏறக்குறைய ஐம்பது வருடம், மின் இணைப்பில்லாத கிட்டாரில், ஒரு சுற்றுக்கு நான்கு வருடல். தனி வாசிப்பு என்பது அனேகமாகக் கிடையாது. அத்தனை டிரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் நடுவில் அவருடைய கிட்டார் காதில் தனியாக விழுவதே அரிது. ஆனால் அவர் இல்லாத நாளில் குழு முழுக்க ஆட்டம் காணும் என்பார்கள். அந்தச் சத்தத்தில் கிட்டார் தாக்குப் பிடித்ததற்கே ஒரு காரணம் உண்டு. 1922இல் கிப்சன் நிறுவனம் எல்-5 என்ற கிட்டாரைக் கொண்டுவந்தது. வயலினைப் போல வளைத்துச் செதுக்கிய முகம், இரு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். அதன் வெட்டுக் குரல் பெரிய குழுவையும் துளைத்துக்கொண்டு வந்தது. அதுவரை அந்த இடத்தில் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம்தான் உட்கார்ந்திருந்தது.

டிரம்ஸைக் கிட்டார் ஒரேயடியாக ஓரங்கட்டியது பாரிஸில்தான். ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பற்றி ஒரு பத்தியில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வராது.

1910இல் பெல்ஜியத்தில் லிபர்ஷி என்ற ஊரில் பிறந்தவர். வண்டி வீட்டில் ஊர் ஊராகப் போகும் மனூஷ் ரோமா இனத்தவர். பதினெட்டு வயதில், 1928 நவம்பரில் ஓர் இரவு, பாரிஸை ஒட்டி நின்ற அவருடைய வண்டி வீட்டில் தீப்பிடித்தது. மனைவி விற்பனைக்குச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் உள்ளே குவிந்து கிடந்தன. செல்லுலாய்டு எப்படிப் பற்றும் என்று பழைய சினிமாச் சுருளைக் கையாண்டவர்களைக் கேட்டால் தெரியும். உடம்பின் ஒரு பக்கம் வெந்தது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருண்டு போயின. கிட்டாரில் தந்தியை அழுத்துவது இடது கைதான். பல மாதம் படுக்கையில் இருந்தபடியே, மிஞ்சிய இரண்டு விரல்களை வைத்து விரலடியை முதலிலிருந்து புதிதாகக் கற்றார். தனி வாசிப்பு முழுவதும் ஆள்காட்டி விரலும் நடு விரலும். சுருண்ட விரல்கள் சில கார்டுகளை, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, பிடிக்க மட்டும் உதவின. அப்படி வாசித்ததைத்தான் இன்று நான்கு விரலும் நன்றாக இருக்கிறவர்கள் மூச்சு வாங்க வாங்கப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

1934இல் அவரும் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் பாரிஸில் ஒரு ஹோட்டலின் தேநீர் நடனக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் திரைக்குப் பின்னால் இருவரும் விளையாட்டாக வாசித்தது பிடித்துப்போய், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அது 'ஹாட் கிளப் ஆஃப் ஃப்ரான்ஸ்' ஐவர் குழுவாக மேடையேறியது. ஒரு வயலின், மூன்று கிட்டார், ஒரு பேஸ். முழுக்க முழுக்கத் தந்தி. மூன்றாவது கிட்டார் எதற்கு என்றால், கிராப்பெல்லி தனியாக வாசிக்கும்போது பின்னால் இரண்டு கிட்டார் இருக்கிறது, என் முறை வரும்போது மட்டும் ஒன்றுதானா என்று ஜாங்கோ குறைப்பட்டாராம். பக்கவாத்தியத் தகராறு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அந்தப் பின்னணிக் கிட்டார்களின் அடிக்கு 'லா போம்ப்' என்று பெயர், பிரெஞ்சில் பம்பு. அடிகுழாய் அடிப்பது போலவே இருக்கும். ஒன்றிலும் மூன்றிலும் கை கனமான தந்திகளின் பக்கம் விழும். இரண்டிலும் நான்கிலும் எல்லாத் தந்தியையும் பளீரென்று வருடிவிட்டு, உடனே இடது கையின் பிடியைத் தளர்த்திவிடுவார்கள். தந்தியை விடுவதில்லை, விரல் அதன் மேலேயே இருக்கும், அழுத்தம் மட்டும் போய்விடும். நாதம் கத்தரித்தது போல் அறுந்து, 'சக்' என்ற ஓசை மட்டும் மிஞ்சும். டிரம்ஸில் ஸ்னேர் என்கிற சின்ன முரசு செய்கிற வேலை அந்தச் 'சக்'. கச்சேரியில் பாடகரை விட்டுவிட்டு ஒரு நிமிடம் பின்னணிக் கிட்டார்காரரின் இடது கையை மட்டும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அழுத்துவதும் விடுவதுமாக மூச்சு வாங்குவது போல இருக்கும். நாள் முழுக்க அம்மி அரைத்ததற்குச் சமமான வேலை அது. அதற்குக் கைதட்டு வராது.

1939 செப்டம்பரில் போர் மூண்டபோது குழு இங்கிலாந்தில் இருந்தது. ஜாங்கோ பாரிஸுக்கு ஓடினார், கிராப்பெல்லி லண்டனில் தங்கிவிட்டார். நாஜிகள் ரோமா மக்களைக் கொன்று குவித்த வருடங்களில் ஜாங்கோ ஆக்கிரமிப்புப் பாரிஸில் வாசித்துக்கொண்டே தப்பினார். 1953இல், 43 வயதில் இறந்தார். கிராப்பெல்லி 1997வரை இருந்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நம் வயலின் கலைஞர் எல். சுப்ரமணியத்துடன் 1980களில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருக்கிறார். கமகக் கையும் ஸ்விங் கையும் பேசிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அறிய ஆசை இருப்பவர்கள் தேடிக் கேட்கலாம்.

பாட்டின் சட்டகம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்விங் பாட்டு பெரும்பாலும் 32 சுற்று. எட்டெட்டாக நான்கு பகுதி: ஒரு மெட்டு, அதே மெட்டு மறுபடி, நடுவில் வேறொன்று, கடைசியில் மீண்டும் முதல் மெட்டு. சுற்றுக்கு நான்கு தட்டு என்றால் மொத்தம் 128 தட்டு. நிமிடத்துக்கு 200 தட்டு என்ற வேகத்தில் 38 நொடியில் ஒரு முறை முடிந்துவிடும். முதலில் பாட்டை நேராகப் பாடுவார்கள். பிறகு அதே 128 தட்டின் மேல் வயலின், கிட்டார் என்று ஒவ்வொருவராகக் கற்பனையாக வாசிப்பார்கள். முடிவில் பாட்டு திரும்பி வரும். நம் மனோதர்மத்துக்கு ராகம் எல்லை. இவர்களுக்கு அந்தக் கார்டுகளின் வரிசை எல்லை. தனி வாசிப்பின்போது பாட்டைப் பின்னணியில் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தால் எங்கும் தொலைந்துபோக மாட்டீர்கள். ஒருவர் முடித்ததும் பாட்டு நடுவிலேயே கைதட்டலாம். அது மரியாதைக் குறைவில்லை, தட்டாவிட்டால்தான் குறை.

எழுதிப் பாடுகிறவரும் அவர் போடும் வேஷமும்

தானே எழுதித் தானே மெட்டமைத்துத் தானே பாடுகிறவர் என்பது நமக்குப் புதிதில்லை. வாக்கேயக்காரர் என்று அதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். ஸ்விங் காலத்து அமெரிக்காவிலோ பாட்டு எழுதுவது ஒரு தொழில், பாடுவது வேறு தொழில். நம் சினிமாப் பாட்டு மாதிரி. அதனால் 1960களின் முடிவில் ஒருவர் தன் சொந்தப் பாட்டுகளை ஸ்விங் நடையில் எழுதிப் பாடக் கிளம்பியது வினோதமாகத்தான் இருந்திருக்கும்.

டான் ஹிக்ஸ் என்பது அவர் பெயர். 1941இல் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். முதலில் அவர் டிரம்ஸ்காரர், சான் ஃபிரான்சிஸ்கோவின் சார்லட்டன்ஸ் என்ற ராக் குழுவில். ஊர் முழுக்க எலக்ட்ரிக் கிட்டார் அலறிக்கொண்டிருந்த 1968இல் அவர் டிரம்ஸை விட்டுவிட்டு, 'ஹாட் லிக்ஸ்' என்று ஒரு குழு கட்டினார். அக்கூஸ்டிக் கிட்டார், வயலின், பேஸ், கூடப் பாட லிக்கெட்ஸ் என்ற பெயரில் இரண்டு பெண்கள். டிரம்ஸ் வாசித்தவர் கட்டிய குழுவில் டிரம்ஸ் இல்லை.

அவர் பாட்டுகளின் பொருள் காதல், ஏக்கம், பணமின்மை. சொல்லும் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. நீ கிளம்பித் தொலைக்கவே மாட்டேன் என்கிறாய், அப்புறம் உன்னை நினைத்து ஏங்குவது எப்படி என்று கேட்கிற ஒரு பாட்டு அவருடையது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சோம்பலாக ஏதோ பேசுவார். லிக்கெட்ஸ் இருவரும் பாடிக்கொண்டே அபிநயம் பிடிப்பார்கள், குறுக்கே பேசுவார்கள், அவரைக் கிண்டலடிப்பார்கள். 1971இல் லாஸ் ஏஞ்சலஸின் ட்ரூபடோர் அரங்கில் பதிவான அவர்களுடைய நேரடி இசைத்தட்டில் இந்தப் பேச்செல்லாம் கேட்கும். நல்ல பெயர் எடுத்திருந்த நேரத்தில், 1973இல், குழுவைக் கலைத்துவிட்டார். பல வருடம் கழித்து மீண்டும் அதே பெயரில் குழு சேர்த்து, 2016இல் இறக்கும்வரை பாடினார்.

இந்த நாடகத்தனம் ஒட்டவைத்த அலங்காரம் என்று சிலர் நினைப்பார்கள். இல்லை என்பது என் கட்சி. ஸ்விங் வளர்ந்த இடங்களில் பல்சுவை நிகழ்ச்சி மேடையும் ஒன்று. அங்கே பாட்டும் நையாண்டியும் ஆட்டமும் ஒரே டிக்கெட். ஃபேட்ஸ் வாலர் பியானோவில் அமர்ந்து, தான் பாடும் பாட்டையே புருவத்தைத் தூக்கிக் கேலி செய்வார். கேப் கேலோவே பின்புறம் வால் போல நீளும் வெள்ளைக் கோட்டில் வந்து, தான் 'ஹை டி ஹோ' என்று பாட, சபையையும் அதைத் திருப்பிப் பாட வைப்பார். வரி மறந்துபோன ஒரு நாளில் வாயில் வந்ததைப் பாடியதில் பிறந்ததாம் அது. பிற்காலத்தில் லியான் ரெட்போன் என்றொருவர். பனாமா தொப்பி, கறுப்புக் கண்ணாடி, எண்பது வயதுக் கிழவரின் முனகல் குரல். 1970களில் தொலைக்காட்சிக்கு அவர் வந்தபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்த வேஷத்தைக் கடைசிவரை கலைக்கவே இல்லை. 2019இல், 69 வயதில், அவர் இறந்தபோது வெளியான அறிவிப்பு, அவர் தமது 127வது வயதில் காலமானதாகச் சொன்னது.

சிரிப்புக்கும் ஸ்விங்குக்கும் உறவு எங்கே என்றால், நாம் முதலில் பார்த்த அந்தக் குட்டை எழுத்தில்தான். நகைச்சுவைக்காரர் கடைசிச் சொல்லை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கிறார் என்பதில் சிரிப்பு இருக்கிறது. அரை நொடி முந்தினால் புரியாது, அரை நொடி பிந்தினால் ஆறிவிடும். ஸ்விங் வாசிக்கிறவர் ஒவ்வொரு தட்டிலும் செய்வது அதையேதான். ஹிக்ஸ் டிரம்ஸ்காரராக இருந்தவர் என்பது எனக்கு அதனால்தான் முக்கியமாகப் படுகிறது. நம் காலட்சேபக்காரர்களைக் கேட்டவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கதையும் கிண்டலும் பாட்டும் ஒரே மூச்சில் வர வேண்டுமென்றால் லயம் பேச்சிலும் இருக்க வேண்டும்.

மின்சாரம் இல்லாததும் இதற்கு உதவுகிறது. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் 1994இல் தொடங்கிய அசைலம் ஸ்ட்ரீட் ஸ்பேங்கர்ஸ் குழு, தொடக்க வருடங்களில் மைக், ஸ்பீக்கர் எதுவுமே வைத்துக்கொள்ளவில்லை. மின்சாரப் பிசாசு வேண்டாம் என்று அறிவித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். துணி துவைக்கும் தகரப் பலகை, வில்லால் தேய்த்துப் பாட வைக்கும், மரம் அறுக்கிற ரம்பம் எல்லாம் அவர்கள் மேடையில் இருந்தன. மைக் இல்லை என்றால் சபை வாயை மூடித்தான் ஆக வேண்டும். எதிரில் இருப்பவர்கள் அமைதியானால், பாடகர் கிசுகிசுப்பாகச் சொன்னால்கூடப் பின்வரிசை சிரிக்கும். ஒரே மைக் வைத்துக்கொள்ளும் குழுக்களில் வேறொரு வேடிக்கை. யாருக்கு முறையோ அவர் மைக்கை நெருங்குவார், மற்றவர்கள் பின்வாங்குவார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வேலையைக் கால்களே செய்யும். வயலின் வில் யார் கண்ணையும் குத்தாமல் நான்கு பேர் இடம் மாறுவது ஒத்திகை பார்த்த நாட்டியம் போல இருக்கும்; ஒத்திகை பார்த்ததுதான்.

ஆகவே முன்வரிசையில் இடம் பிடியுங்கள். பெரிய ஸ்பீக்கர் இருக்கும் அரங்கில் எங்கே உட்கார்ந்தாலும் பரவாயில்லை, இங்கே அப்படி இல்லை. நிகழ்ச்சியில் எப்போதாவது ஓர் இடத்தில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி, டபுள் பேஸ் மட்டும் தனியே வாசிக்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற நம் சபா வழக்கம் போல, அங்கே பேஸ் தனி வந்தால் மேசைக்கு மேசை பேச்சு தொடங்கிவிடும் என்பது ஜாஸ்காரர்களிடையே புளித்துப்போன பகடி. நீங்கள் பேச வேண்டாம். கிட்டார்காரர் கை அடங்கிவிட்டிருக்கும், வயலின்காரர் வில்லைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடியிருப்பார். கயிறு போன்ற அந்தத் தடித்த தந்தி விரலிலிருந்து விடுபட்டுப் பலகையில் மோதுகிற ஓசைகூடக் கேட்கும். அப்போது சபையில் யாராவது ஒருவருடைய கால், ஒருவரும் கொட்டாத இரண்டிலும் நான்கிலும், தரையைத் தட்டிக்கொண்டிருக்கும். குனிந்து பாருங்கள், உங்களுடையதாகவும் இருக்கலாம்.